தூசி புகாத அறை

எங்கள் பெரியப்பா ஒன்று சொல்வார். நாற்பது வருஷம் லாரி ஓட்டியவர். "எதிர்ல வர்ற வெளிச்சத்தப் பார்த்துப் பயப்படாதடா, அது எப்படியும் தாண்டிப் போயிரும். பயப்பட வேண்டியது…" என்று இழுப்பார். பயப்பட வேண்டியது எது என்று சொன்னார் என்பதுதான் எனக்கு ஞாபகம் வரவில்லை, அண்ணா. ஈரோட்டில் பஸ் ஏறியதிலிருந்து யோசித்துக்கொண்டு வருகிறேன். முதல் பாதி அவர் குரலிலேயே கேட்கிறது. மீதி வரவில்லை.

அந்த ஜன்னலைக் கொஞ்சம் சாத்திக்கொள்ளலாமா? தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். முன்னால் கோழி வண்டி போகிறது பாருங்கள், இறகு பறக்கிறது. உங்களுக்கு அது வெறும் இறகு. எனக்கு ஆறு நாளாக எதைப் பார்த்தாலும் மூச்சு ஞாபகம்தான். இந்த பஸ் நிற்கும்போது பிரேக்கிலிருந்து உஸ்ஸென்று காற்று போகிறதே, அதற்கே எனக்கு உள்ளங்கை வேர்த்துவிடுகிறது. பாருங்கள், தொட்டுப் பாருங்கள்.

என் வீட்டுக்காரி ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். பேர் அம்சவேணி. நாளைக் காலையில் அனுப்பிவிடுவார்கள். இப்போது அவள் தங்கச்சி கூட இருக்கிறாள். நாளைக்கு அவள் வருவதற்குள் வீட்டைத் தயார் பண்ண வேண்டும் என்றுதான் நான் மட்டும் நாமக்கல் போகிறேன். மூச்சு சம்பந்தமான விஷயம். கொண்டுவந்து சேர்த்தபோது உதடு நாவல்பழம் தின்ற மாதிரி இருந்தது. நாற்பத்து நாலு வயசுதான் ஆகிறது அண்ணா அவளுக்கு. "இன்னொரு தடவை இப்படி வந்தா, இங்க கொண்டுவந்து சேர்க்க உங்களுக்கு நேரம் இருக்காது" என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அதை என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லவில்லை. அவள் கட்டிலுக்குப் பக்கத்திலேயே நின்று சொன்னார். அவள் கேட்டுக்கொண்டு படுத்திருந்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் இன்னும் எங்கே வைப்பது என்று தெரியாமல் வைத்திருக்கிறேன்.

எல்லாவற்றுக்கும் காரணம் பக்கத்துக் கோழிப்பண்ணை. ஆனால் அதை முதலில் சொன்னால் உங்களுக்குப் புரியாது. நான் என்ன வேலை செய்கிறவன் என்று சொல்லிவிடுகிறேன்.

நான் லாரி செய்கிறவன். சிரிக்காதீர்கள். நிஜ லாரியில் இருபத்து நாலில் ஒரு பங்கு, முழம் நீளம்கூட வராது. ஆனால் அச்சு, வில்பட்டை, ஸ்டெப்னி, தார்ப்பாய் கட்டுகிற கொக்கி, பின்னால் தொங்குகிற குஞ்சம் எல்லாம் இருக்கும். நாமக்கல்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, "பொம்மை நல்லாருக்குதுங்க" என்பார்கள். "பொம்மை இல்லைங்க, மாதிரி வண்டி" என்று நான் திருத்துவேன். ஒருத்தரையும் விடமாட்டேன். பொம்மை என்றால் குழந்தை உடைத்துப்போடுவது. நான் செய்வதில் சேஸிஸ் போல்ட்டை எண்ணினால் நிஜ வண்டியில் இருக்கிற எண்ணிக்கை இருக்கும்.

ஷார்ஜாவில் பத்தொன்பது வருஷம் லாரி உதிரிபாகக் கிடங்கில் இருந்தேன். ஆறு பேர் தங்குகிற அறை. சாயங்காலம் மற்றவர்கள் சீட்டாடுவார்கள், நான் கட்டில்மேல் உட்கார்ந்து பிளாஸ்டிக் கிட் ஒட்டுவேன். பெட்டியைத் திறந்தால் சட்டம் சட்டமாகப் பாகங்கள் இருக்கும், நறுக்கி எடுத்து, பிசிறு தேய்த்து, ஒட்ட வேண்டும். அதெல்லாம் வெளிநாட்டு லாரிகள். நம் ஊர் லாரி எந்தப் பெட்டியிலும் வராது. எப்படி வரும்? நம் ஊர் லாரிக்கு முகம் கம்பெனியில் செய்வதில்லையே. எஞ்சினும் சக்கரமும் மட்டும் உள்ள வெறும் சேஸிஸைக் காற்றில் முகத்தைக் காட்டிக்கொண்டு நாமக்கல்லுக்கு ஓட்டிவந்து, இங்கே ஆசாரி மரம் வைத்து, டிங்கர் தகரம் அடித்துக் கட்டுகிறார்கள். அதனால் கிட்டிலிருந்து சேஸிஸையும் சக்கரத்தையும் எடுத்துக்கொண்டு, கேபினை நானே வார்க்க ஆரம்பித்தேன். ரெசினில்.

ரெசின் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. இரண்டு பாட்டில். ஒன்று தேன் நிறம், இன்னொன்று தண்ணீர் மாதிரி. சரிபாதி கலந்து ரப்பர் அச்சில் ஊற்றினால் பத்து நிமிஷத்தில் சூடேறி வெள்ளையாக இறுகிவிடும். பிறகு உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வழவழப்பாக்க வேண்டும். பாட்டில்மேல் பொடி எழுத்தில் இங்கிலீஷில் நிறைய எழுதியிருக்கும். நான் ஐந்தாவது வரை தமிழ், அப்புறம் இங்கிலீஷ் பள்ளிக்கூடம், இரண்டும் சரளமாகப் படிப்பேன். படித்தேன். எல்லாப் பாட்டிலிலும் எழுதுகிற சமாச்சாரம்தான், பினாயிலிலும் அதையேதான் எழுதுகிறார்கள்.

ஒரே ஒரு தொல்லை, அதற்கு ஈரக்காற்று ஆகாது. கொஞ்சம் ஈரம் பட்டாலும் நுரைத்து, பணியாரம் மாதிரி பொத்தல் பொத்தலாகிவிடும். அப்புறம் பெயிண்ட். ஈரப் பெயிண்டின்மேல் ஒரு தூசி உட்கார்ந்தால் நாலு நாள் வேலை போயிற்று. அதனால் ஊருக்கு வந்ததும் வீட்டில் ஒரு அறையை அதற்கென்றே ஒதுக்கினேன். ஜன்னல் சந்து எல்லாம் அடைத்தேன். கதவுக்கு அடியில் ரப்பர் பட்டை வைத்தேன். ஏசி போட்டேன். அண்ணா, என் அறை மாதிரி சுத்தமான அறை நாமக்கல் ஜில்லாவிலேயே இருக்காது. பல்லி கிடையாது. கொசு கிடையாது. இந்த மூன்று வருஷத்தில் ஒரு எறும்பு நான் பார்த்ததில்லை.

நான் திரும்பி வந்தபோது எனக்கும் அம்சாவுக்கும் பேச ஒன்றும் இல்லை. இதை வெளியாளிடம் சொல்லக்கூடாதுதான். பத்தொன்பது வருஷத்தில் வருஷத்துக்கு ஒரு மாசம் என்று கணக்குப் போட்டால் நாங்கள் சேர்ந்து இருந்ததே ஒன்றரை வருஷம்தான். சாப்பாட்டு நேரத்தில் "போடட்டுங்களா", "போதும்" என்பதோடு முடிந்துவிடும். அவள் டிவி முன்னால், நான் அறைக்குள்.

ஒருநாள் சாப்பிடக் கூப்பிட வந்தவள், மேஜைமேல் கிடந்த கேபினை எடுத்துப் பார்த்தாள். "இந்த ஓரம் நெரடுதுங்க" என்றாள். உப்புத்தாளை வாங்கி, உட்கார்ந்து, தேய்த்தாள். தேய்த்துவிட்டு வாயால் ஃபூவென்று ஊதினாள். திருப்பிப் பார்த்தாள். மறுபடி தேய்த்தாள், மறுபடி ஊதினாள். எனக்கு அரை நாள் ஆகிற வேலை, ஒரு மணி நேரத்தில் கண்ணாடி மாதிரி வந்துவிட்டது.

அன்றைக்கு ஆரம்பித்தது. மத்தியானம் பாத்திரம் கழுவி வைத்துவிட்டு வந்துவிடுவாள். நான் வார்ப்பேன், அவள் தேய்ப்பாள். பேச்சும் வந்தது. அந்தப் பத்தொன்பது வருஷத்தில் போனில் சொல்லாததெல்லாம் அந்த மேஜையில்தான் சொன்னாள். கிணற்று மோட்டார் எரிந்துபோன கதை, எங்கப்பாவைக் கடைசியில் ஆஸ்பத்திரிக்குத் தனியாகக் கொண்டுபோன கதை. "அப்ப உங்கமேல வந்த கோவத்துக்கு, நீங்க எதிர்ல இருந்திருந்தா கடிச்சே வெச்சிருப்பேன்" என்று சொல்லி ஊதுவாள், ஃபூ. சாயங்காலம் பார்த்தால் புருவம், இமை, மூக்கு மயிர் எல்லாம் வெள்ளைப் பொடி. "கல்யாணத்தன்னைக்குக்கூட நீ இவ்வளவு பவுடர் பூசலையே" என்பேன். போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். இருங்கள், காட்டுகிறேன்… இதோ. சிரிக்கிறாள் பாருங்கள். எங்களுக்கு அது இரண்டாவது கல்யாணம் மாதிரி, அண்ணா.

பண்ணைக்கு வருகிறேன். எங்கள் காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம் அத்தியப்பனின் பண்ணை. நாற்பதாயிரம் முட்டைக்கோழி. இருபத்திரண்டு வருஷமாக இருக்கிறது. நாற்றம் அரை மைல் வரும். எங்கள் வீட்டில் சமைத்தால் என்ன குழம்பு என்று எனக்கே தெரியாது, அப்படி அடிக்கும்.

இந்த வருஷம் ஆடியில் வரதராசு வந்தார். ஒன்பது லாரி வைத்திருக்கிறவர். ஆயுத பூஜைக்கு ஒன்பது வண்டியையும் கழுவி, சந்தனம் வைத்து, வரிசையாக நிறுத்துவார். இந்தத் தடவை வீட்டுப் பூஜை அறையிலும் அதே ஒன்பது வரிசையாக நிற்க வேண்டும் என்று ஆசை. "நெம்பர் பிளேட்டு, முகப்புல எழுதின பேரு, மூணாவது வண்டியில பம்பர் நசுங்கியிருக்கு பாருங்க, அதுவும் வேணும்" என்றார். சந்தோஷமாக ஒத்துக்கொண்டேன். மழைக் காலம், வெளியே ஈரம். அறையை இன்னும் இறுக்கமாக அடைத்தேன். தினமும் வார்த்தோம், தினமும் தேய்த்தோம். சில நாள் காலையில் உட்கார்ந்தால் விளக்கு வைக்கிற நேரத்தில்தான் எழுந்திருப்போம்.

ஆவணியில் அவளுக்கு இருமல் ஆரம்பித்தது. முதலில் சும்மா. அப்புறம் படி ஏறினால் இழுப்பு. நெஞ்சுக்குள் யாரோ கதவைத் திறந்து மூடுகிற மாதிரி ஒரு கீச்சு. நான் பக்கத்தில் படுத்து அதைக் கேட்பேன். மூச்சு உள்ளே போகும்போது ஒன்று, வெளியே வரும்போது இரண்டு என்று எண்ணுவேன். நடுவில் கொஞ்சம் தாமதமானால் எழுந்து உட்கார்ந்துவிடுவேன்.

பண்ணைக்காரனிடம் போய்ச் சண்டை போட்டேன். "உன்ற கோழித் தூசியில எங்க வீட்ல ஆளு சாகப்போகுது."

அத்தியப்பன் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று பல்குச்சியை வாயிலிருந்து எடுத்தான். "ஏன் மாப்ள, நீ அரபு நாட்டுல இருந்த பத்தொம்பது வருசமும் அம்சா இங்கதான இருந்துச்சு? ஒரு தும்மல் உண்டா? நீ வந்தப்புறம்தான் என் கோழிக்கு இறகு மொளச்சுதா?"

கேட்கிறவர்களுக்கு நியாயம் மாதிரித்தான் இருக்கும். ஆனால் யோசித்துப் பாருங்கள். பத்தொன்பது வருஷமும் தூசி கொஞ்சம் கொஞ்சமாக உடம்பில் சேர்ந்திருக்கிறது. நான் வந்த நேரம் பார்த்து வெளியே தெரிகிறது. நல்லவேளை, நான் கூட இருந்தேன்.

நிரூபணமும் இருக்கிறது. நடுவில் அவள் அண்ணன் வீட்டுச் சீருக்காக அந்தியூர் போய் எட்டு நாள் இருந்தாள். இருமலே இல்லை. போனில் பழைய குரல். திரும்பி வந்தாள், இரண்டே நாள், மறுபடி இழுப்பு. அந்தியூரில் அவர்கள் வீட்டுப் பக்கம் கோழிப்பண்ணை கிடையாது. இதைவிட என்ன வேண்டும்? கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை மனு கொடுத்தேன். இரண்டு பக்கம், தேதிவாரியாக. எந்தத் தேதியில் எத்தனை தடவை இருமினாள் என்றுகூட எழுதினேன். அந்தத் தேதியெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், எந்த வண்டியின் கேபினை எப்போது வார்த்தேன் என்று நோட்டில் குறித்து வைப்பேன், அதைப் பார்த்துத்தான்.

போன வியாழக்கிழமை. காலை பதினொரு மணி. ஏழாவது வண்டி. நான் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தேன், அவள் எட்டாவதின் கேபினைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "என்னங்" என்றாள். நான் திரும்பவில்லை, பிரஷ் கோட்டின்மேல் இருந்தது. மறுபடி, "என்…" என்றாள். மீதி வரவில்லை.

திரும்பிப் பார்த்தேன். இரண்டு தோளும் காதுவரை ஏறி நின்றன. வாய் திறந்திருக்கிறது, ஒன்றும் உள்ளே போகவில்லை. கழுத்தில் குழி விழுந்து விழுந்து எழுகிறது. அண்ணா, தண்ணீரில் முழுகுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இவள் என் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு முழுகினாள்.

நான் முதலில் என்ன செய்தேன் தெரியுமா? கதவு ஒரு விரல் திறந்திருந்தது. ஓடிப்போய் இறுக்கிச் சாத்தினேன். பண்ணைக் காற்று உள்ளே வரக்கூடாது என்று. அவள் எழுந்து கதவுக்கு வந்தாள். கைப்பிடியைப் பிடித்து இழுத்தாள். மூச்சு முட்டினால் மனுஷருக்குப் புத்தி தடுமாறிவிடும் என்று படித்திருக்கிறேன். "அம்சா, வெளிய வேண்டாம், வெளிய வேண்டாம் கண்ணு" என்று அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். அவள் என் கையைக் கடித்தாள். இதோ, தழும்பு. அப்படியும் நான் விடவில்லை. அப்புறம் அவள் கால் துவண்டு என்மேல் சாய்ந்தபோதுதான் கத்தினேன்.

அத்தியப்பன் சுவர் ஏறிக் குதித்து வந்தான். கதவை ஒரே உதை. ரப்பர் பட்டை பிய்ந்துவிட்டது. "தூக்குடா" என்றான். வாசல் திண்ணையில் கிடத்தினோம். அங்கே கிடந்த கொஞ்ச நேரத்தில் ஒரு மூச்சு இழுத்தாள். பிறகு இன்னொன்று. ஆள் வந்துவிட்டது என்ற தைரியத்தில் வந்த மூச்சு. ஆம்புலன்சுக்கு நிற்கவில்லை, அவனுடைய முட்டை வண்டியிலேயே ஏற்றினான். முட்டை அட்டைகளுக்கு நடுவில், இறகும் பொடியுமாக இருக்கிற வண்டியில் அவளை மடியில் போட்டுக்கொண்டு போனேன். எனக்கு எப்படி இருந்திருக்கும்? சாகடிக்கிறவன் வண்டியிலேயே காப்பாற்றக் கொண்டுபோகிறோம். ஆனால் வழி நெடுக அவள் மூச்சு நிற்கவில்லை. நாமக்கல்லில் ஆக்சிஜன் வைத்து, அங்கிருந்து ஈரோட்டுக்கு அனுப்பினார்கள்.

அவன் நேற்று ஆஸ்பத்திரிக்கு வந்தான். கையில் ஒரு அட்டை முட்டை. வெட்கம் பாருங்கள். தாழ்வாரத்தில் என்னைத் தள்ளிக்கொண்டு போய்ச் சொன்னான்: "மாப்ள, மனு குடுத்தது குடுத்துட்ட, போகட்டும். எங்கம்மாவுக்கு எண்பத்தி ரெண்டு, ஷெட்டுக்குள்ளதான் கட்டலு போட்டுப் படுக்குது. நாப்பதாயிரம் கோழி அதே காத்தத்தான் இழுக்குது. ஒன்னாச்சும் இருமுதா? அன்னைக்கு உன்ற ரூமுக்குள்ள வந்தேன் பாரு, எனக்கே தொண்டையப் புடிச்சுது."

"நீ ஏசியில இருந்து பழக்கமில்லாதவன்" என்றேன்.

"அந்தப் புள்ளைய அந்தியூருக்கு அனுப்பிரு மாப்ள" என்றான். முட்டையை பெஞ்சின்மேல் வைத்துவிட்டுப் போனான்.

டாக்டரம்மா நல்லவர். பொறுமையாகக் கேட்டார். "வீட்ல என்ன வேலை நடக்குது? பஞ்சு, மாவு மில்லு, பெயிண்ட், கெமிக்கல் ஏதாச்சும்?"

"பக்கத்துல கோழிப்பண்ணைங்க மேடம்" என்றேன் உடனே.

அவர் எழுதிக்கொண்டார். மூக்கில் குழாயோடு அம்சா கையை லேசாகத் தூக்கினாள். "இவரு… லாரி… பண்ணுவாருங்க" என்றாள். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு.

"லாரியா?" என்று டாக்டர் என்னைப் பார்த்தார்.

"பொம்மைங்க" என்றேன்.

டாக்டர் சிரித்தார். நானும் சிரித்தேன். அம்சா சிரிக்கவில்லை. என் வாயால் அந்தச் சொல்லை நான் சொல்லி அவள் கேட்டதே இல்லை. ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கும் தெரியவில்லை. பயந்த நேரத்தில் எதையாவது சொல்லி முடித்துவிடத்தான் தோன்றும். டாக்டர் காகிதத்தில் பறவைத் தூசி என்று எழுதினார். "ஜன்னலைத் தொறக்காதீங்க. தூசியே புகாத ஒரு ரூம்ல வெச்சுக்குங்க" என்றார்.

என்ன கேட்டீர்கள்? ரெசினா? இல்லை அண்ணா. அதற்கு வாசமே கிடையாது. மூக்கை வைத்து முகர்ந்தாலும் ஒன்றும் தெரியாது. கெடுதலான எதுவும் நாற்றத்தைக் காட்டிக் கொடுத்துவிடும், பண்ணையைப் பாருங்கள். நான் அதிலேயே கிடக்கிறேன், எனக்கு என்ன ஆயிற்று? எனக்கு இருக்கிற இந்த இருமல் ஏசியினால் வருவது. நீங்கள் ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்?

திருச்செங்கோடு வந்துவிட்டது. மலை தெரிகிறது. நீங்கள் இங்கேயா? இருங்கள், இன்னும் கூட்டம் இறங்கட்டும். ஒரே ஒரு விஷயம்.

இன்று காலையில் நான் கிளம்பும்போது அம்சா கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணன் வீட்ல ஒரு மாசம் இருந்துட்டு வரட்டுங்களா?" என்றாள். இழுப்பு இல்லாமல், முழு வாக்கியமாகச் சொன்னாள். தூங்காமல் அதற்கென்று மூச்சைச் சேர்த்து வைத்திருந்தாள் போல. நான் போர்வையை இழுத்துவிட்டுக் கிளம்பினேன். அந்தியூரில் அவள் பக்கத்தில் யார் படுத்து மூச்சை எண்ணுவார்கள்? பத்தொன்பது வருஷம் அவளைத் தனியாக விட்டவன் நான். இன்னொரு மாசமும் விட்டு, அங்கே ஏதாவது ஆகி, எனக்கு போன் வந்தால்? அதுவும் இல்லாமல் அந்தியூர் வீடு ஓட்டு வீடு. காற்று எல்லாப் பக்கமும் வருகிறது, போகிறது.

ஆயுத பூஜைக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. இரண்டு வண்டி பாக்கி. மேஜையை இந்தப் பக்கம் நகர்த்தினால் அந்தப் பக்கம் ஆறடி இடம் கிடைக்கும். வேலை செய்துகொண்டே அவளைப் பார்த்துக்கொள்ளலாம், ஒரு நிமிஷம்கூடக் கண்ணிலிருந்து விட வேண்டியதில்லை. பிய்ந்துபோன ரப்பர் பட்டைக்குப் புதிது வாங்கிவிட்டேன், இந்தப் பையில் இருக்கிறது.

அந்தியூர் வேண்டாம் என்று மச்சானுக்கு போனில் சொல்லிவிட்டேன். இன்று சாயங்காலம் அம்சாவின் கட்டிலை என் அறைக்குள் போடப்போகிறேன்.